பழைய வீட்டு சீலிங்ல டவுன்லைட் (சீலிங்ல இருந்து நேரா கீழ வெளிச்சம் போடுற சின்ன லைட்டு) போடுறது எப்படி: லைட்டு தேர்வு பண்றதுல இருந்து மாட்டி முடிக்கிற வரைக்கும்

"லைட்டு வாங்கி வச்சுட்டேன், எங்கெங்க ஓட்டை போடணும் சொல்லுங்க"ன்னு தான் முக்காவாசி பேர் கேக்குறாங்க. வரிசையே தலைகீழா இருக்கு. வெளிச்சம் எது மேல விழணும்னு முதல்ல முடிவு பண்ணணும், அப்புறம் சீலிங்குக்கு மேல என்ன இருக்குன்னு பாக்கணும், லைட்டு வாங்குறது அதுக்கும் அப்புறம்தான். ஒயர தப்பா இழுத்துட்டா திரும்ப இழுத்துக்கலாம், லைட்டு பிடிக்கலைன்னா மாத்திக்கலாம், ஆனா சீலிங்ல போட்ட ஓட்டை போட்டதுதான், அத அடைச்சு பட்டி பாத்து தேய்ச்சு பெயின்ட் அடிச்சு மறைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். எங்க வீட்டு கிச்சன்ல முதல் தடவை போட்டப்ப ரூமுக்கு நட்டநடுவுல நேர்கோட்டுல நாலு லைட்டு போட்டேன், பாக்க அழகாத்தான் இருந்துச்சு, ஆனா மேடை முன்னாடி போய் நின்னா லைட்டு முதுகுக்கு பின்னாடி, காய் நறுக்குற இடம் பூரா என் நிழல். ரெண்டு வருஷம் அப்படியே ஓட்டிட்டு அப்புறம் நாலையும் அடைச்சு மறுபடியும் போட்டேன். அதனால இதுல இடம் குறிக்கிறத பத்தி நிறைய எழுதியிருக்கேன், ஒயரிங் அதவிட நேரான வேலை.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. சில நாடுகள்ல வீட்டுக்காரரே ஒயரிங் தொடுறது சட்டப்படி தப்பு, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் தான் பண்ணணும், சில இடத்துல பர்மிட் வாங்கி பண்ணலாம், முடிஞ்சதும் வந்து செக் பண்ணுவாங்க. உங்க இடத்துல எப்படின்னு கேட்டுக்கோங்க. எலக்ட்ரீஷியன் தான் பண்ணணும்னா கூட இடம் பாக்குறது, குறிக்கிறது, ஓட்டை போடுறது எல்லாம் நீங்களே பண்ணி வச்சுட்டு கனெக்ஷன் மட்டும் அவர்கிட்ட விடலாம். இடத்த அவர் இஷ்டத்துக்கு விட்டா சமமா பிரிச்சு கட்டம் கட்டமா போட்டுட்டு போயிடுவார், அது அவர் தப்பில்ல, அந்த ரூம்ல வாழப்போறது நீங்கதான்.

சீலிங்குக்கு மேல என்ன இருக்கு

உங்க சீலிங் நேரடியா கான்கிரீட் ஸ்லாபா இருந்தா அத குடைஞ்சு லைட்டு பதிக்கிற யோசனைய இங்கயே விட்டுடுங்க. ஸ்லாபுக்கு அடிப்பக்கம் ஓடுற கம்பிதான் இழுவிசைய தாங்குது, அந்த கம்பிக்கு கீழ இருக்குற கான்கிரீட் பொதுவா 20 மி.மீ சுத்துவட்டாரம் தான், லைட்டுக்கு வேண்டிய ஆழத்துக்கு தோண்டினா நேரா கம்பியில போய் நிக்கும். கம்பி வெளிய தெரிஞ்சா துரு பிடிக்கும், துரு ஊதி சுத்தி இருக்குற கான்கிரீட்ட உடைக்கும். அந்த மாதிரி வீட்டுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஜிப்சம் போர்டு ஃபால்ஸ் சீலிங் இறக்குறது, ரூம் பூரா இறக்கணும்னு இல்ல, சுவரோரமா ஒரு பட்டை மட்டும் இறக்கினாலும் அதுல லைட்டு போடலாம். இன்னொண்ணு சீலிங் மேலயே ஒட்டி நிக்கிற சர்ஃபேஸ் டவுன்லைட், சின்ன உருளை மாதிரி இருக்குமே அது. சீலிங் உயரம் ஏற்கனவே கம்மியா இருந்தா நான் ரெண்டாவதத்தான் சொல்வேன், லைட்டு உள்ள பதிஞ்சு இருக்கணும்ங்கிறதுக்காக ரூம் பூராவையும் அரை அடி தாழ்த்துறது நல்ல பேரமில்ல.

மரச்சட்டத்துக்கு அடியில போர்டு அடிச்ச சீலிங்னா வேலை சுலபம். சட்டங்கள் வழக்கமா 400 மி.மீ இல்லன்னா 600 மி.மீக்கு ஒண்ணு, அதாவது 16 இன்ச் இல்ல 24 இன்ச், இருக்கும். ஏற்கனவே இருக்குற மெட்டல் சேனல் ஃபால்ஸ் சீலிங்கும் இதே கதை தான், சேனல் மேல ஓட்டை விழக்கூடாது அவ்வளவுதான். ரொம்ப பழைய வீட்டுல மெல்லிசு மரப்பட்டைய வரிசையா அடிச்சு அது மேல பூச்சு பூசின சீலிங் இருக்கும், அதுல வேகமா ஹோல் சா (ட்ரில்ல மாட்டி வட்டமா ஓட்டை வெட்டுற பிளேடு) ஓட்டினா பட்டை அதிர்ந்து பூச்சு பாளம் பாளமா விழும், மெதுவா கையறுப்பான்ல தான் வெட்டணும். இன்னொரு முக்கியமான விஷயம், பழைய வீட்டுல சொரசொரப்பா டிசைன் போட்ட சீலிங்கோ பழைய சிமென்ட் ஷீட்டோ இருந்தா அதுல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், ஒரு துண்ட லேப்ல கொடுத்து பாக்காம அதுல ட்ரில் வைக்காதீங்க, அந்த தூசி நுரையீரலுக்கு போனா போனதுதான்.

அப்புறம் சீலிங்குக்கு மேல இருக்குறது காலி அட்டமா (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல உள்ள வெற்றிடம்), இன்னொரு மாடியா, வேற குடும்பத்தோட வீடா? அட்டம்னா வெப்பத்தடுப்பு பஞ்சு விரிச்சிருக்கான்னு பாருங்க. மேல இன்னொரு மாடியோ வேற வீடோ இருந்தா சீலிங் போர்டுதான் தீ மேல ஏறாம கொஞ்ச நேரம் தடுக்குற தடுப்பு, அதுல ஓட்டை போட்டா அந்த தடுப்பு போச்சு, அங்கெல்லாம் ஃபயர் ரேட்டட், அதாவது தீய அந்த ஓட்டை வழியா ஏற விடாத டவுன்லைட் தான் போடணும். கடைசியா ஆழம். இப்ப இருக்குற சீலிங் லைட்ட கழட்டிட்டு அந்த வழியா ஒரு ஸ்கேல விட்டு பாத்தா எவ்வளவு இடம் இருக்குன்னு தெரிஞ்சிடும். கழட்டுறதுக்கு முன்னாடி கரன்ட் ஆஃப், அத எப்படி உறுதி பண்றதுன்னு கீழ எழுதியிருக்கேன்.

எந்த மாதிரி லைட்டு

பதிக்கிற லைட்டு மூணு வகைன்னு வச்சுக்கலாம். பழைய வகை, டப்பா மாதிரி ஒரு உலோக கூடு மேல உக்காரும், அதுக்குள்ள லைட்டு. ஆழம் நிறைய வேணும், பழைய வீட்டுல போடுறதா இருந்தா கீழ இருந்தே நுழைச்சு மாட்டுற மாடலா கேட்டு வாங்கணும், இல்லன்னா மேல ஏறி சட்டத்துல ஆணி அடிக்கிற மாடல் வந்து சேரும். ரெண்டாவது, தட்டு மாதிரி மெல்லிசா ஸ்பிரிங் கிளிப்போட வர்ற எல்இடி, வீட்டு கரன்ட்ட எல்இடிக்கு ஏத்த மாதிரி மாத்தி கொடுக்குற ட்ரைவர் பாக்ஸ் தனியா ஒரு ஒயர்ல தொங்கும். 5 செ.மீ சுத்தி இடம் இருந்தா போதும், பழைய வீட்டுக்கு இதான் ரொம்ப சௌகரியம், பல மாடல சட்டத்துக்கு அடியில கூட மாட்டிடலாம் ஏன்னா தட்டோட கனமே அவ்வளவுதான். மூணாவது, வெறும் வளையமும் அதுக்குள்ள மாட்டுற பல்பும். பல்பு போச்சுன்னா பல்ப மட்டும் மாத்தலாம்ங்கிறது இதோட பெரிய பலம்.

மெல்லிசு தட்டு லைட்டுல எல்இடி சில்லு அவ்வளவு சீக்கிரம் சாகாது, முதல்ல போறது பெரும்பாலும் ட்ரைவர் தான். அதுக்குள்ள இருக்குற கெப்பாசிட்டர் சூட்டுல காஞ்சு போகும். அதனால அட்டப்பெட்டியில 50,000 மணி நேரம்னு போட்டிருக்குறத அப்படியே நம்ப வேண்டாம், அது வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்குற நேரத்த குறிக்கிற கணக்கு, ட்ரைவர் ஆயுசு வேற. ட்ரைவர் மேல வெப்பத்தடுப்பு பஞ்ச போத்தி மூடினா சூடு வெளிய போகாம இன்னும் சீக்கிரம் போகும். பஞ்சு இருக்குற அட்டத்துக்கு, பஞ்சு தொட்டாலும் பரவாயில்லன்னு ரேட்டிங் கொடுத்த லைட்டு தான் வாங்கணும், அந்த ரேட்டிங் இல்லாதத போட்டா சுத்தி குறைஞ்சது 75 மி.மீ, 3 இன்ச், பஞ்சு படாம விடணும். பழைய 50 வாட்ஸ் ஹாலஜன் காலத்துல இத கவனிக்காம விட்டு தீப்பிடிச்ச வீடுங்க உண்டு. எல்இடி அவ்வளவு சூடு ஆகாது, ஆனா சூடே ஆகாதுன்னு இல்ல.

வெளிச்சம் எவ்வளவு வேணும்னு வாட்ஸ்ல யோசிக்காதீங்க, லூமன்ல யோசிங்க. ஒரு சதுர மீட்டர்ல ஒரு லூமன் விழுந்தா அது ஒரு லக்ஸ். ஹால்ல பொதுவா 100ல இருந்து 150 லக்ஸ் இருந்தா கண்ணுக்கு இதமா இருக்கும், சமையல் மேடை, படிக்கிற இடம் மாதிரி வேலை செய்யிற இடத்துக்கு 300ல இருந்து 500 வேணும். கணக்கு இப்படி: ரூம் 4க்கு 5 மீட்டர்னா 20 சதுர மீட்டர், 150 லக்ஸ் வேணும்னா 3,000 லூமன், ஆனா லைட்டுல இருந்து கிளம்புறது எல்லாம் உபயோகப்படுற இடத்துக்கு வராது, சுவர், தூசி, கருப்பு சோபா எல்லாம் தின்னுடும், அதனால 0.6 ஆல வகுத்துக்கோங்க, 5,000 லூமன். ஒரு லைட்டு 650 லூமன்னா எட்டு லைட்டு. அந்த எட்டும் சேந்தா கூட 60 வாட்ஸ தாண்டாது. இது மேல்மட்ட கணக்கு தான், ஸ்டாண்டிங் லேம்ப், டேபிள் லேம்ப் இருந்தா எட்டு ஆறாகும். கொஞ்சம் கூடுதலா போட்டு, வெளிச்சத்த கூட்டி குறைக்கிற டிம்மர் வச்சுக்கிறது, கம்மியா போட்டுட்டு கண்ண இடுக்கிட்டு உக்காந்திருக்குறத விட நல்லது.

பீம் ஆங்கிள், அதாவது வெளிச்சம் எவ்வளவு விரியும்ங்கிறது, பெட்டியில பொடி எழுத்துல இருக்கும், ஆனா ரூம் எப்படி தெரியும்னு முடிவு பண்றது அதுதான். லைட்டுக்கும் வெளிச்சம் விழுற பரப்புக்கும் உள்ள தூரத்த எடுத்துக்கோங்க. 36 டிகிரின்னா வட்டத்தோட அகலம் அந்த தூரத்துல 0.65 மடங்கு, 60 டிகிரின்னா 1.15 மடங்கு, 90 டிகிரின்னா 2 மடங்கு. சீலிங் 2.7 மீட்டர், மேடை 0.9 மீட்டர்னா இடைவெளி 1.8, அப்ப 36 டிகிரி லைட்டு மேடையில 1.2 மீட்டர் வட்டம் போடும், 60 டிகிரி 2 மீட்டருக்கு கொஞ்சம் மேல. பொது வெளிச்சத்துக்கு 60ல இருந்து 90, சுவர்ல இருக்குற படத்துக்கு, அலமாரிக்கு 36. எல்லா இடத்துலயும் 36 போட்டா தரையில புள்ளி புள்ளியா விழும், ரூம் குகை மாதிரி ஆயிடும். 120 டிகிரி தட்டு லைட்டு எல்லா பக்கமும் பரப்பும், ஆனா உக்காந்திருக்கும்போது ஓரக்கண்ணுல கூசிக்கிட்டே இருக்கும். கண்கூச்சம் பிடிக்காதவங்க லைட்டு சில்லு உள்ள தள்ளி இருக்குற மாடல், கருப்பு உள்வளையம் உள்ளத பாருங்க, ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் கொஞ்சம் கூட செலவானாலும் இதத்தான் வாங்கணும்ங்கிறது என் அபிப்ராயம்.

கலர் விஷயம். 2700 கெல்வின் பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள், 3000 கொஞ்சம் வெளுத்த மஞ்சள், 4000 நடுநிலை வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. படுக்கிற, உக்காந்து பேசுற ரூமுக்கு 2700 இல்ல 3000, கிச்சனுக்கும் வேலை செய்யிற இடத்துக்கும் 4000. ஒரே பார்வையில தெரியிற ரெண்டு இடத்துல ரெண்டு கலர் போடாதீங்க, ஹாலும் டைனிங்கும் ஒண்ணா திறந்திருந்தா ஒரே கெல்வின்.

சிஆர்ஐன்னு ஒரு எண் இருக்கும், பொருளோட நிறத்த லைட்டு எவ்வளவு உண்மையா காட்டுதுன்னு சொல்றது. 80 சுமார், 90 நல்லது. வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீல எல்இடி மேல மஞ்சள் பாஸ்பர் பூசி செய்யிறது தான் (அந்த நீல எல்இடிய கண்டுபிடிச்சதுக்குத் தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014ல இயற்பியல் நோபல் கொடுத்தாங்க), அதனால அதுல இயல்பாவே சிவப்பு கம்மி. சிஆர்ஐ கணக்குல எடுக்குற எட்டு மாதிரி நிறத்துல அடர் சிவப்பு சேராது, அது ஆர்9ன்னு தனி எண். அது மோசமா இருந்தா மனுஷங்க முகம் வெளிறி சோகை பிடிச்ச மாதிரி தெரியும், தக்காளி பழுப்படிக்கும். ஆர்9 50க்கு மேலன்னு போட்டிருந்தா நம்பி வாங்கலாம்.

பாத்ரூமுக்கு தண்ணி புகாத ரேட்டிங் வேணும், ஷவருக்கு நேர் மேல ஐபி 65 போட்டா நிம்மதி. பல மாடல்ல அந்த ரேட்டிங் கீழ தெரியிற முகத்துக்கு மட்டும்தான், மேல் பக்கம் இல்ல, அதனால விளிம்புல ரப்பர் வளையம் இருக்கான்னு பாத்து, மாட்டும்போது அது மடங்காம உக்காருதான்னு கவனிக்கணும்.

டிம்மர் வேணும்னா லைட்டு வாங்கும்போதே முடிவு பண்ணிடுங்க. லைட்டு டிம்மபிள்னு போட்டிருக்கணும், டிம்மரும் எல்இடிக்குன்னு இருக்கணும், ட்ரெய்லிங் எட்ஜ் வகை பெரும்பாலும் ஒத்து போகும். பழைய குண்டு பல்பு டிம்மருக்கு குறைஞ்சபட்ச லோடு 40 வாட்ஸ்னு இருக்கும், நீங்க நாலு லைட்டு போட்டா 28 வாட்ஸ் தான் வரும், அப்புறம் ஏன் துடிக்குதுன்னு தேடிட்டு இருப்பீங்க.

எத்தனை வேணுமோ அதோட ரெண்டு கூட சேத்து வாங்கி வைங்க, ஒரே பேட்ச்ல. மூணு வருஷம் கழிச்சு ஒண்ணு போனா அதே மாடல் கிடைக்கிறது கஷ்டம், கிடைச்சாலும் வெள்ளை ஒரே வெள்ளையா இருக்காது.

எங்க வைக்கிறது

ஊர் பூரா சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு: சீலிங் உயரத்துல பாதி தான் ரெண்டு லைட்டுக்கு நடுவுல தூரம், சுவருக்கும் முதல் லைட்டுக்கும் அதுல பாதி. 2.7 மீட்டர் உயரம்னா 1.35 மீட்டருக்கு ஒண்ணு, சுவர்ல இருந்து 68 செ.மீ. வராண்டாவுக்கு, நடைபாதைக்கு இது சரி. வாழுற ரூமுக்கு இத அப்படியே போட்டா ஆபீஸ் மாதிரி ஆகும், எல்லா இடமும் ஒரே அளவு வெளிச்சம், எதுவும் கண்ண இழுக்காது.

நான் பண்றது இப்படி. ராத்திரி ரூம்ல நின்னு, இங்க யார் என்ன பண்றாங்கன்னு ஒவ்வொரு இடமா சொல்லிட்டே போவேன். இங்க உக்காந்து படிக்கிறோம், இங்க துணி மடிக்கிறோம், இந்த சுவர்ல படம் இருக்கு, இந்த அலமாரி முன்னாடி நின்னு துணி தேடுறோம். அந்த இடத்துக்கெல்லாம் தரையில ஒரு பேப்பர் தட்டு வைப்பேன். தட்டு எங்க இருக்கோ லைட்டு அதுக்கு மேல, இல்ல அதுக்கு கொஞ்சம் முன்னாடி. அதுக்கு அப்புறம்தான் வரிசை நேரா வருதான்னு பாத்து கொஞ்சம் கொஞ்சம் நகத்துவேன்.

கிச்சன்ல மேடை வழக்கமா 60 செ.மீ ஆழம், லைட்டோட நடு அந்த மேடையோட முன்விளிம்புக்கு நேர் மேல, சுவர்ல இருந்து 55ல இருந்து 65 செ.மீக்குள்ள வரணும். நீங்க நின்னா தலை அதுக்கு பின்னாடி தான் இருக்கும், நிழல் மேடையில விழாது. மேல அலமாரி 30, 35 செ.மீ நீட்டிட்டு இருக்கும், அதுக்கு அடியில வர்ற இருட்ட எந்த டவுன்லைட்டும் தீர்க்காது, அங்க ஒரு எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டுறது தான் வழி.

சீலிங் ஃபேன் இருக்குற ரூம்ல இறக்கை சுத்துற வட்டத்துக்கு மேல லைட்டு வந்தா ரூம் பூரா வெளிச்சம் வெட்டி வெட்டி துடிக்கும், அஞ்சு நிமிஷத்துல தலைவலி. 1,200 மி.மீ ஃபேனுக்கு நடுவுல இருந்து குறைஞ்சது 1 மீட்டர் தள்ளி வைங்க, பீம் அகலமா இருந்தா இன்னும் கொஞ்சம். பெட்ல படுத்தா முகத்துக்கு நேர் மேல லைட்டு வேண்டாம், கால் பக்கமோ பக்கவாட்டுலயோ போங்க. கண்ணாடிக்கு முன்னாடி தலைக்கு மேல ஒரே ஒரு டவுன்லைட்டு இருந்தா கண்ணுக்கு கீழயும் தாடைக்கு கீழயும் நிழல் விழும், கண்ணாடியோட ரெண்டு பக்கமும் விளக்கு வைக்கிறது தான் சரி. டிவிக்கு எதிர்ல, சோபாவுக்கு மேல வர்ற லைட்டு திரையில தெரியும், அத தனி சுவிட்ச்ல போடுங்க.

சுவர அழகா காட்டணும்னா சுவர்ல இருந்து 50ல இருந்து 75 செ.மீ தள்ளி வரிசையா வைங்க. ரொம்ப ஒட்டி வச்சா சுவர்ல உள்ள ஒவ்வொரு மேடு பள்ளமும் நிழலா தெரியும், பட்டி சரியா பாக்காத சுவர்னா அத விளம்பரம் பண்ற மாதிரி. ரூம் பிரகாசமா இருக்குன்னு மூளை நினைக்கிறதுக்கு தரைய விட சுவர் வெளிச்சம் தான் காரணம், அதனால ஒரு சுவரையாவது நனைக்கிற மாதிரி போட்டா லைட்டு எண்ணிக்கைய குறைக்கலாம்.

இன்னொண்ணு, எல்லாத்தையும் ஒரே சுவிட்ச்ல கட்டாதீங்க. வேலை செய்யிற இடம் ஒண்ணு, சுவரோர வரிசை ஒண்ணு, நடுவுல உள்ளது ஒண்ணுன்னு பிரிச்சா அதே லைட்டுங்கள வச்சு மூணு விதமா ரூம மாத்தலாம்.

தரையில முடிவான இடத்த சீலிங்குக்கு கொண்டு போறதுக்கு லேசர் லெவல் இருந்தா நல்லது, இல்லன்னா ஏணியில நின்னு தூக்குக்குண்டு தொங்கவிட்டு புள்ளி வச்சுக்கலாம். நாலு பக்க சுவர்ல இருந்தும் அளந்து சரிபாருங்க, பழைய வீட்டுல எதிரெதிர் சுவர் ரெண்டும் இணையா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. லைட்டு முகத்தோட அளவுக்கு வட்டமா பேப்பர் வெட்டி மாஸ்கிங் டேப்ல ஒட்டி ஒரு ரெண்டு நாள் விட்டுட்டு, அப்புறம் முடிவு பண்ணுங்க. கண்டிப்பா ஒண்ணாவது நகரும்.

சட்டம் எங்க, குழாய் எங்க

சட்டம் இருக்குற இடத்த காட்டுற ஸ்டட் ஃபைண்டர் கருவி இருந்தா ஓட்டுங்க, இல்லன்னா ஒரு பலமான காந்தத்த சீலிங்ல உரசிட்டே போனா போர்டு அடிச்ச ஸ்க்ரூ மேல ஒட்டும், ஸ்க்ரூ வரிசை போற திசை தான் சட்டம். ஆனா கருவிய மட்டும் நம்பி பெரிய ஓட்டை போடாதீங்க. மெயின ஆஃப் பண்ணிட்டு, குறிச்ச நடுப்புள்ளியில 6 மி.மீ ஓட்டை ஒண்ணு போடுங்க. ஒரு கெட்டி கம்பிய எல் மாதிரி வளைங்க, வளைஞ்ச கை லைட்டோட ஆரத்த விட 2 செ.மீ கூட இருக்கட்டும். அத உள்ள விட்டு மெதுவா ஒரு முழு சுத்து சுத்துங்க. எங்கயும் இடிக்கலைன்னா தைரியமா வெட்டலாம். இடிச்சா சட்டமோ குழாயோ இருக்கு, நகத்தணும். 6 மி.மீ ஓட்டைய அடைக்கிறது ஒரு விரல் பட்டி தான். நகத்தும்போது அந்த ஒரு லைட்ட மட்டும் நகத்தாதீங்க, வரிசை பூராவையும் சேத்து நகத்துங்க, நேர்கோட்டுல ஒண்ணு விலகினா கண்ணு நேரா அங்கதான் போகும்.

இங்க ஒரு புத்திசாலித்தனம் பண்ணலாம். லைட்டு வரிசை சட்டம் ஓடுற திசையிலயே, ரெண்டு சட்டத்துக்கு நடுவுல உள்ள ஒரே சந்துல வர்ற மாதிரி அமைச்சா ஒயர் ஒரு தடையும் இல்லாம ஒரு லைட்டுல இருந்து அடுத்ததுக்கு போயிடும். சட்டத்த குறுக்க கடக்கணும்னா மட்டும்தான் அதுல ட்ரில் போடணும், மேல மாடி இருந்தா அது பெரிய தொல்லை. கடந்தே ஆகணும்னா சட்டத்தோட உயரத்துல நட்டநடுவுல சின்ன ஓட்டை, மேல் விளிம்புலயோ கீழ் விளிம்புலயோ வெட்டு போடவே கூடாது, ஏன்னா பாரம் ஏறும்போது மேல் விளிம்பு அமுங்குது, கீழ் விளிம்பு இழுபடுது, நடுவுல தான் ரெண்டும் கம்மி.

கரன்ட் ஆஃப், அப்புறம் ஓட்டை

எம்சிபி பாக்ஸ்ல (ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தானா டிரிப் ஆகுற சுவிட்ச் இருக்குற பெட்டி) அந்த சர்க்யூட்ட ஆஃப் பண்ணி டேப் ஒட்டி வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. டெஸ்டர முதல்ல கரன்ட் இருக்குற ஒரு பிளக்ல வச்சு வேலை செய்யுதான்னு பாருங்க, அப்புறம் நீங்க தொடப்போற ஒயர்ல, அப்புறம் மறுபடியும் அந்த பிளக்ல. மூணாவது தடவை எதுக்குன்னா நடுவுல டெஸ்டர் பேட்டரி போயிருந்தா கரன்ட் இல்லைன்னு பொய் சொல்லும். லைனுக்கும் நியூட்ரலுக்கும், லைனுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும்னு மூணு ஜோடியும் மல்டிமீட்டர்ல பாக்குறது தான் உறுதி, ஒயருக்கு பக்கத்துல காட்டினா பீப் அடிக்கிற பேனா டெஸ்டர மட்டும் நம்பி கை வைக்காதீங்க.

ஹோல் சா வாங்கும்போது லைட்டு முகத்தோட அளவ பாக்காதீங்க, கட் அவுட், அதாவது வெட்ட வேண்டிய ஓட்டையோட அளவுன்னு தனியா போட்டிருக்கும், அதத்தான் பாக்கணும். ஒரு பழைய அட்டையில இல்ல மிச்ச போர்டுல ஒரு ஓட்டை போட்டு லைட்ட மாட்டி பாத்துட்டு தான் சீலிங்குக்கு போகணும். ஓட்டை 5 மி.மீ பெருசானா கூட ஸ்பிரிங் கிளிப்புக்கு பிடி கிடைக்காம லைட்டு ஒரு பக்கம் தொங்கும். கண்ணாடி, மாஸ்க் ரெண்டும் கட்டாயம், ஜிப்சம் பொடி நேரா முகத்துல தான் கொட்டும். தூசி பிடிக்கிற கிண்ணம் ஹோல் சாவோடயே வரும், இல்லன்னா ஒரு பிளாஸ்டிக் டப்பாவ நடுவுல துளைச்சு மாட்டிக்கலாம். ட்ரில் வேகத்த கம்மியா வச்சு, அழுத்தாம, பல்லு எல்லா பக்கமும் சமமா பதியிற மாதிரி நேரா பிடிங்க. போர்டு முடியிற நேரத்துல கைய தளத்திடுங்க, இல்லன்னா சா ஒரேயடியா உள்ள போய் மேல இருக்குற ஒயர கடிக்கும்.

ஒயர் இழுக்குறதும் கனெக்ஷனும்

லைட்டு சர்க்யூட்டுக்கு 1.5 சதுர மி.மீ காப்பர் ஒயர் தான் பல இடத்துல வழக்கம், எட்டு எல்இடி இழுக்குற கரன்ட் அரை ஆம்பியர் கூட இல்ல. பழைய சீலிங் லைட்டு இருந்த இடத்துல இருந்து கரன்ட் எடுக்குறது தான் சுலபம். ஆனா கழட்டினவுடனே எல்லா ஒயரையும் பிரிச்சு போட்டுடாதீங்க, முதல்ல ஒரு போட்டோ. சில வீட்டுல அந்த இடத்துலயே சுவிட்ச் வழியா வராத நேரடி லைனும் இருக்கும், அடுத்த ரூமுக்கு அங்க இருந்து தான் போகும். அத எடுத்து புது லைட்டுல கொடுத்தா லைட்டு அணையவே அணையாது. சுவிட்சுக்கு போய் திரும்பி வர்ற ஒயர் நியூட்ரல் கலர்லயே இருக்குறதும் உண்டு, அதனால கலர நம்பாம சுவிட்ச போட்டு அணைச்சு டெஸ்டர்ல பாத்து எது எதுன்னு பேர் எழுதி ஒட்டிக்கோங்க. ஒயர் கலர் நாட்டுக்கு நாடு வேற, பழைய வீட்டுல பழைய கலர் முறையும் புதுசும் கலந்து கிடக்கும்.

லைட்டுங்க எல்லாம் பேரலல் தான்: முதல் லைட்டோட பாக்ஸுக்கு ஒரு ஒயர் வரும், அங்க இருந்து ரெண்டாவதுக்கு ஒண்ணு போகும், லைனோட லைன், நியூட்ரலோட நியூட்ரல், எர்த்தோட எர்த். லைட்டுக்கு எர்த் முனை இல்லைன்னாலும் எர்த் ஒயர அங்கயே வெட்டி விடாதீங்க, சேத்து கனெக்டர்ல போட்டு அடுத்ததுக்கு கொண்டு போகணும். முறுக்கி டேப் சுத்துறது வேண்டாம், ஒயர நுழைச்சு சின்ன நெம்புகோல மடக்கினா பிடிச்சுக்கிற லீவர் கனெக்டர் போடுங்க, ஒவ்வொரு ஒயரையும் போட்டதும் ஒரு இழு இழுத்து பாருங்க. எந்த ஜாயின்ட்டும் கையெட்டாத இடத்துல சீலிங்குக்குள்ள புதையக்கூடாது. தட்டு லைட்டுல ட்ரைவர் பாக்ஸுக்குள்ளயே ஜாயின்ட் போடலாம், லைட்ட இழுத்தா பாக்ஸ் கையில வரும், அதனால அது சரி. ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு அடி ஒயர் கூடுதலா தொங்க விடுங்க, ஏணி மேல நின்னு ரெண்டு இன்ச் ஒயரோட மல்லுக்கட்டுறது கொடுமை.

பாக்ஸ் மூடுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஸ்லைடு சுவிட்ச தேடுங்க, இப்ப வர்ற பல லைட்டுல கலர் மாத்துறதுக்கு அது இருக்கும். எல்லாத்துலயும் ஒரே இடத்துல வைங்க. பாக்ஸுக்குள்ள ஒயர் நுழையிற இடத்துல கிளாம்ப் இறுக்கி, மூடிய போட்டு, பாக்ஸ ஓட்டையில இருந்து கொஞ்சம் தள்ளி உள்ள வைங்க, லைட்டு முதுகு மேலயே உக்கார வைக்க வேண்டாம், ரெண்டோட சூடும் சேரும். அப்புறம் லைட்டோட பிளக்க சொருகி திருகு மூடிய இறுக்குங்க. ரெண்டு ஸ்பிரிங்கையும் மேல மடிச்சு பிடிச்சு ஓட்டைக்குள்ள நுழைச்சா அது தானா விரிஞ்சு லைட்ட மேல இழுத்துக்கும். அந்த ஸ்பிரிங் விரல்ல அடிச்சா நகம் கறுத்துடும், பிடிக்கும்போது ஓரத்துல பிடிங்க.

ஒரு யோசனை, முதல் லைட்ட மாட்டினவுடனே கரன்ட் போட்டு பாருங்க, அப்புறம் மறுபடியும் ஆஃப் பண்ணி, டெஸ்ட் பண்ணிட்டு அடுத்தது. எட்டையும் மாட்டிட்டு போட்டு பாத்து எரியலைன்னா எங்க தப்புன்னு எட்டு இடத்துல தேடணும்.

மாட்டின பிறகு வர்ற பிரச்சினை

அணைச்ச பிறகும் மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருந்தா முதல்ல சுவிட்ச் லைன வெட்டுதா நியூட்ரல வெட்டுதான்னு பாருங்க, நியூட்ரல வெட்டினா அது ஆபத்து, உடனே மாத்தணும். லைனத்தான் வெட்டுதுன்னா சுவிட்சுல இருக்குற சின்ன இண்டிகேட்டர் விளக்கோ, நியூட்ரல் இல்லாத ஸ்மார்ட் சுவிட்சோ, நீளமா பக்கத்து பக்கத்துல ஓடுற ஒயரோ காரணமா இருக்கும், அதுக்குன்னு விக்கிற பைபாஸ் கெப்பாசிட்டர் ஒண்ணு லைட்டுக்கு குறுக்க போட்டா நிக்கும். துடிப்பு இருக்கான்னு போன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து பாருங்க, டிம்மர் இருந்தா அதான் முதல் சந்தேகம். ஒரு லைட்டுக்கு அப்புறம் உள்ளது எல்லாம் எரியலைன்னா, கடைசியா எரியிற லைட்டோட பாக்ஸ்லயோ எரியாத முதல் லைட்டோட பாக்ஸ்லயோ ஜாயின்ட் லூஸா இருக்கும். கொஞ்ச நேரம் எரிஞ்சு அணைஞ்சு, ஆறினதும் மறுபடி எரிஞ்சா சூடு தாங்கல, மேல பஞ்சு மூடியிருக்கும். நிறைய லைட்ட ஒரே சுவிட்ச்ல போட்டு ஆன் பண்ற அந்த நொடியில மட்டும் எம்சிபி டிரிப் ஆனா, ட்ரைவருங்க எல்லாம் ஒரே நேரத்துல இழுக்குற ஆரம்ப கரன்ட் தான் பெரும்பாலும் காரணம், ரெண்டு சுவிட்சா பிரிச்சா போதும். ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா வெட்டுற பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தா அது வேற, எங்கயோ ஒயர் நசுங்கி எர்த்த தொடுது, இல்ல வேற சர்க்யூட்டோட நியூட்ரல் கலந்திருக்கு, கண்டுபிடிக்காம திரும்ப திரும்ப தூக்கி விடாதீங்க.

வேலை முடிஞ்சதும் ஒரு மணி நேரம் எல்லாத்தையும் எரிய விட்டு, ஆஃப் பண்ணி, ஒரு லைட்ட இழுத்து ட்ரைவர் பாக்ஸ தொட்டு பாருங்க, வெதுவெதுன்னு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக்கூடாது. அப்புறம் ஓட்டையோட அளவு, லைட்டு மாடல், கெல்வின் சுவிட்ச் எந்த இடத்துல வச்சீங்க, எந்த பாக்ஸ்ல இருந்து எதுக்கு ஒயர் போகுது எல்லாத்தையும் ஒரு தாள்ல வரைஞ்சு எம்சிபி பாக்ஸ் கதவு உள்பக்கம் ஒட்டிடுங்க, கூட வாங்கின ரெண்டு லைட்ட எங்க வச்சிருக்கீங்கன்னும் அதுலயே எழுதிடுங்க.